வலது காது சொன்ன சாட்சி

மூக்கரின் துப்பறியும் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் அந்தப் பத்திரிகைத் துண்டைப் பார்க்காமல் தப்பிக்க முடியாது. கண்ணாடிச் சட்டம் போட்டு, வாடிக்கையாளர் நாற்காலிக்கு நேர் எதிரே, சரியாகக் கண் மட்டத்தில் மாட்டி வைத்திருந்தார். 'காதாலேயே கண்டுபிடித்தார்!' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே, மூக்கர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு எங்கோ தூரத்தைப் பார்த்து யோசிக்கிற மாதிரி படம். அவர் யோசித்துக்கொண்டிருந்தது புகைப்படக்காரரின் சட்டையில் காணாமல் போயிருந்த பொத்தானைப் பற்றி என்பது அவருக்கும் மச்சினனுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

மச்சினன் என்றால் மூக்கரின் மனைவிக்குத் தம்பி. உதவியாளன், கார் ஓட்டுகிறவன், தபால் பிரிக்கிறவன் எல்லாம் அவனே. வாய் மட்டும் முழ நீளம். மனைவி கேட்டுக்கொண்டாள் என்று வேலைக்குச் சேர்த்தவர், அவனைத் திருப்பி அனுப்ப வழி தெரியாமல் பதினொரு வருஷமாக வைத்திருக்கிறார். மூக்கருக்கு அந்தப் பெயர் வந்தது மூக்கின் அளவாலா, அதை எல்லா இடத்திலும் நுழைக்கிற தொழிலாலா என்று யாராவது கேட்டால், "ரெண்டும் போட்டி போட்டுச்சு, சமம்னு முடிஞ்சிடுச்சு" என்பான்.

அன்று காலை அவன்தான் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"அத்தான், ஒரு அம்மா வந்திருக்காங்க. பஸ் டிரைவர் யூனிஃபார்ம். நீங்க ஏதும் டிக்கெட் எடுக்காம வந்துட்டீங்களா?"

"வாயை மூடிட்டு உள்ளே அனுப்பு."

வந்தவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. நேராகச் சட்டத்துக்கு முன்னால் போய் நின்று தலைப்பிலிருந்து கடைசி வரி வரை நிறுத்தி நிதானமாகப் படித்தாள். மூக்கருக்கு உள்ளம் குளிர்ந்தது. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"இதுல பொய்யர்னு போட்டிருக்கே," என்று திரும்பினாள், "அவர் எங்க அப்பா."

மூக்கர் காலரிலிருந்து கையை எடுத்தார்.

ஏழு வருஷத்துக்கு முந்தைய வழக்கு அது. ஒரு பாடகியின் எட்டுப் பாட்டு அடங்கிய இசைத்தட்டு சக்கைப்போடு போட்டது. அதில் டிரம்ஸ் வாசித்தவர் என்று உறையில் அச்சாகியிருந்தது 'இடதுகைச் சக்கரவர்த்தி' என்று பத்திரிகைகள் பட்டம் கட்டியிருந்த ஒரு நட்சத்திரத்தின் பெயர். அந்த நேரம் பார்த்து, ஸ்டுடியோ ஸ்டுடியோவாக ஏறி இறங்கிக் கூப்பிட்டவருக்கெல்லாம் வாசித்துக் கொடுக்கும் ஒருவர் வாத்தியக்காரர் சங்கத்துக்குப் போனார். தலையில் எப்போதும் தொப்பி இருப்பதால் தொப்பி என்றே எல்லோரும் கூப்பிடும் மனிதர். "அந்த எட்டுப் பாட்டும் நான் வாசிச்சது," என்றார். விசாரிக்கச் சொல்லிச் சங்கம் மூக்கரை அமர்த்தியது. மூக்கர் மூன்று நாள் பாட்டைக் கேட்டார், நாலாம் நாள் அறிக்கை எழுதினார்.

அறிக்கையின் அழகே அதன் எளிமைதான். டிரம்ஸில் ஹை-ஹாட் என்று ஒன்று உண்டு. இரண்டு பித்தளைத் தட்டுகள் ஒரே கம்பியில் முகத்தோடு முகம் பார்த்து நிற்கும். காலால் மிதித்தால் மூடும், காலைத் தளர்த்தினால் திறக்கும், மேலே குச்சியால் தட்டிக்கொண்டே இருப்பார்கள். வலதுகைக்காரர் அதைத் தன் இடது பக்கம் வைத்துக்கொள்வார், இடதுகைக்காரர் வலது பக்கம். அந்த இசைத்தட்டில் ஹை-ஹாட் வலது காதில் கேட்கிறது. ஆகவே வாசித்தவர் இடதுகைக்காரர். தொப்பியோ வலதுகைக்காரர். ஆகவே தொப்பி சொன்னது பொய். பத்திரிகைகள் துள்ளிக் குதித்தன. சங்கம் தொப்பியின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்தது. அதற்குப் பிறகு எந்த ஸ்டுடியோவும் அவரைக் கூப்பிடவில்லை. சக்கரவர்த்தி நான் வாசித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இரண்டு வருஷம் முன்பு அந்த மௌனத்தோடேயே காலமாகிவிட்டார்.

"இப்ப அந்த ரெக்கார்டை மறுபடியும் வெளியிடறாங்க," என்றாள் ஓட்டுநர். "இன்னிக்கு நாலு மணிக்குச் சங்கத்துல கூட்டம். வாசிச்சவங்க பேரையெல்லாம் முடிவு பண்ணி, சாயங்காலமே அச்சுக்கு அனுப்பிடுவாங்க. நான் போய்க் கேட்டேன். அறிக்கை எழுதினவர் வந்து தப்புன்னு சொன்னா மாத்தறோம்னு செயலாளர் சொல்லிட்டார்."

"சொல்லலாம்மா. ஆனா தப்பு இருக்கணுமே?"

"அஞ்சாவது பாட்டு, ரெண்டாவது சரணம். நல்லாக் கேட்டீங்களா?"

"நூறு தடவை." மூக்கருக்கு இந்த இடம் பிடிக்கும். "அங்கே ஹை-ஹாட் கொஞ்சமும் எதிர்பாராத இடத்துல திறக்கும். ஒழுங்கா ஒரே இடத்துல வராது. மேதைக்கு மட்டுமே வரக்கூடிய துணிச்சல்னு எழுதியிருக்கேன்."

"ரெண்டு பக்கம் எழுதினார் அக்கா," என்றான் மச்சினன். "கல்யாணத்துக்கு முன்னாடி எங்க அக்காவுக்குக்கூட இவ்வளவு பெரிசா எழுதினதில்ல."

அவள் சிரிக்கவில்லை. "அது துணிச்சல் இல்ல சார். மூச்சு. என் பொண்ணுக்கு வீசிங் இருக்கு. மூச்சு இழுக்கிற சத்தம் எனக்கு மனப்பாடம். போன மாசம் சிக்னல்ல நிக்கும்போது பஸ் ரேடியோவுல அந்தப் பாட்டு வந்துச்சு. பாடறவங்க மூச்சு இழுக்க ஆரம்பிக்கிறாங்க, உடனே தட்டு திறந்து அதை மூடிடுது. ஒவ்வொரு தடவையும். பச்சை விழுந்ததுகூடத் தெரியாம உக்காந்திருந்தேன், பின்னாடி அத்தனை பேரும் ஹாரன் அடிச்சாங்க."

மூக்கர் புருவத்தை உயர்த்தி மச்சினனைப் பார்த்தார். அவன் பாட்டைப் போட்டு, ஹெட்போனைக் கொண்டுவந்து அவர் தலையில் மாட்டினான்.

ஏழு வருஷம் கழித்துக் கேட்கிறார். முதலில் அந்த நடை வந்து அவரைப் பிடித்துக்கொண்டது. குச்சி தட்டில் விழுகிற எட்டு அடியில் ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஒன்று அழுத்தம், அடுத்தது வெறும் தொடல், அதற்கடுத்தது இரண்டுக்கும் நடுவில். ஒவ்வொன்றும் விழ வேண்டிய நேரத்துக்கு மயிரிழை பிந்தி விழுந்தது. பாட்டு தாமதமாகவில்லை. அவசரம் இல்லாத மனிதர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து பேசுவதுபோல் போயிற்று. பெரிய டிரம் எங்கே விழுந்தாலும், பாடகி எங்கே இழுத்தாலும், அந்தத் தட்டு எல்லோரையும் தோளில் கைபோட்டுக் கூட்டிக்கொண்டு போயிற்று. மூக்கரின் விரல் தானாக மேஜையில் தாளம் போட்டது.

இரண்டாவது சரணம் வந்தது. பாடகியின் குரல் வரியின் நடுவில் தளர்ந்தது. மூச்சு உள்ளே இழுபடுகிற கரகரப்பு தொடங்கியது, தொடங்கிய கணமே 'ஸ்ஸ்' என்று தட்டு திறந்தது, அடுத்த சொல்லுக்கு முன் 'சிக்' என்று கால் அதை மூடியது. மறுபடி அடுத்த வரியில், வேறு இடத்தில். மறுபடி. மேதையின் துணிச்சலாவது மண்ணாவது. ஒரு மனிதன் இன்னொருவரின் இளைப்பை யார் காதிலும் விழாமல் மறைத்துக்கொண்டிருந்தான்.

மூக்கர் நிமிர்ந்தார். வேறு ஏதோ உறுத்தியது. ஹை-ஹாட் இடது காதில் கேட்டுக்கொண்டிருந்தது.

"டேய், இதென்ன, இடது பக்கம் கேக்குது?"

மச்சினன் எட்டிப் பார்த்தான். "ஐயையோ, ஹெட்போனைத் திருப்பி மாட்டிட்டேன் அத்தான்." கழற்றி மாற்றி மாட்டினான். ஹை-ஹாட் வலது காதுக்கு வந்தது. "பார்த்தீங்களா, காதை மாத்தினா ஆளையே மாத்திடலாம் போல. இவ்வளவு சுலபம்னு தெரிஞ்சிருந்தா..."

அவன் வாக்கியத்தை முடிக்கவில்லை. அத்தானின் முகம் போன போக்கு அப்படி. மூக்கர் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார். இந்தக் கோமாளி விளையாட்டாகச் சொன்னதை, ஏழு வருஷத்துக்கு முன்னால் அவர் தன்னைத்தானே கேட்டிருக்க வேண்டும். எந்தக் காதில் எது விழ வேண்டும் என்று முடிவு செய்வது டிரம்மர் இல்லை.

"அந்த ரெக்கார்டோட ஒலிப்பதிவாளர் யாரு? அவரை நாம பார்த்தோமா?"

மச்சினன் தலையைக் குனிந்து ஹெட்போன் வயரைச் சுருட்ட ஆரம்பித்தான். "போய்ப் பார்க்கல அத்தான்," என்றான் கடைசியில்.

"இப்ப எங்கே இருக்காருன்னு விசாரி. வண்டியை எடு."

ஒலிப்பதிவாளர் ஸ்டுடியோ வேலையை விட்டு, காது கேளாதவர்களுக்குக் கருவி விற்கும் கடை வைத்திருப்பதாக ஒரே போனில் தெரிந்தது. நகரத்தின் மறு கோடி. மச்சினன் ஓட்டினான். பின் சீட்டில் பஸ் ஓட்டுநர் அவன் திருப்பும் ஒவ்வொரு திருப்பத்திலும் தன் காலால் இல்லாத பிரேக்கை மிதித்தாள்.

"அக்கா, உங்களுக்குப் பயமா இருந்தா கண்ணை மூடிக்கோங்க. நானும் அப்படித்தான் செய்யறேன்."

"இண்டிகேட்டர் போடுங்க முதல்ல," என்றாள். பிறகு மூக்கரின் பின்னந்தலையைப் பார்த்துப் பேசினாள். "சார், நீங்க என்னைத் தப்பா நினைச்சிடக் கூடாது. அப்பாவை நம்பின பொண்ணு, நியாயம் கேக்க வந்திருக்கான்னு. நான் நம்பல."

மூக்கர் திரும்பவில்லை.

"உங்க படம் பேப்பர்ல வந்தப்ப எனக்குக் கல்யாணமாகி மூணு மாசம். புகுந்த வீட்டுல அந்தப் பேப்பரை மடிச்சு சாப்பாட்டு மேஜையில வெச்சிருந்தாங்க. ஒரு வார்த்தை பேசல, வெச்சிருந்தாங்க அவ்வளவுதான். நான் நேரா அப்பாகிட்ட போனேன். 'ஏம்ப்பா பொய் சொல்லி எங்க மானத்தை வாங்கறே'ன்னு கேட்டேன். அவர் பதில் சொல்லல. எழுந்து தொப்பியை எடுத்துட்டு வெளியே போயிட்டார். அன்னிலேருந்து போன்ல மாத்திரை போட்டியா, கதவைப் பூட்டினியா, இவ்வளவுதான் எங்க பேச்சு. இப்ப அட்டைப் பெட்டி ஒட்டற வேலைக்குப் போறார். எந்த முகத்தை வெச்சிட்டுப் போய் மன்னிப்புக் கேக்கறதுன்னு தெரியல. பேரை வாங்கிக் கொடுத்துட்டாவது போகலாம்னுதான் உங்ககிட்ட வந்தேன்."

மச்சினன் அடுத்த திருப்பத்தில் வேகத்தைக் குறைத்தான். இண்டிகேட்டர் போட்டான்.

கடை சின்னது. நடுவில் காதைச் சோதிக்க ஒரு கண்ணாடிக் கூண்டு. ஒலிப்பதிவாளர் தலை நரைத்த, மெதுவாகப் பேசுகிற மனிதர். மூக்கரைப் பார்த்ததும் கையிலிருந்த சின்ன திருப்புளியைக் கீழே வைத்தார்.

"வாங்க. ஏழு வருஷம் ஆச்சு. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

அந்தக் கேள்வி மூக்கருக்கு அப்போது புரியவில்லை. வந்த விஷயத்தைச் சொன்னார். ஒலிப்பதிவாளர் மச்சினனைக் கூப்பிட்டு ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார். இடது கைப்பக்கம் குடை மாட்டும் கம்பியை நகர்த்தி வைத்தார்.

"தம்பி வலதுகைக்காரர்தானே? இதுதான் டிரம்ஸ், இது ஹை-ஹாட். தம்பிக்கு எந்தப் பக்கம் இருக்கு?"

"இடது," என்றான் மச்சினன்.

"சார், நீங்க எதிர்ல வந்து நில்லுங்க. உங்களுக்கு?"

மூக்கர் எதிரே வந்து நின்றார். கம்பி அவருடைய வலது பக்கம் இருந்தது. ஒரு குழந்தைக்குக்கூடத் தெரிகிற விஷயம். அவர் கம்பியையும் மச்சினனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எங்க தொழில்ல ரெண்டு கட்சி," என்றார் ஒலிப்பதிவாளர். "ஒரு கட்சிக்காரங்க டிரம்மரோட ஸ்டூல்ல உக்காந்து கேக்கற மாதிரி பதிவு பண்ணுவாங்க. இன்னொரு கட்சி, எதிர்ல நாற்காலி போட்டுப் பார்க்கிறவங்க காதுக்குப் பண்ணுவாங்க. நான் எப்பவுமே நாற்காலிக் கட்சி. வலது காதுல ஹை-ஹாட் கேட்டா, என் ரெக்கார்டுல வாசிச்சவர் வலதுகைக்காரர். சக்கரவர்த்திக்கும் நான் ஒரு ரெக்கார்டு பண்ணியிருக்கேன், அதுக்கு முந்தின வருஷம். அவர்தான் வாசிச்சார், நூறு பேர் பார்த்தாங்க. கேளுங்க."

ஹெட்போனைக் கொடுத்தார். இந்தத் தடவை மூக்கர் தானே வாங்கி, எந்தப் பக்கம் எந்த எழுத்து என்று பார்த்து மாட்டினார். சக்கரவர்த்தியின் ஹை-ஹாட் இடது காதில் கேட்டது. பளபளவென்று, கம்பீரமாக, யாருக்காகவும் காத்திராமல் போயிற்று. அறிக்கை எழுதிய அந்த மூன்று நாளில் இந்த ஒரு இசைத்தட்டை வாங்கிக் கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் விஷயம் முடிந்திருக்கும்.

"அந்த எட்டுப் பாட்டைப் பதிவு பண்ணின அன்னிக்குச் சக்கரவர்த்தி வரல," என்றார் ஒலிப்பதிவாளர். "உறை ஏற்கெனவே அச்சாயிடுச்சு. தொப்பியைக் கூப்பிட்டாங்க. பாடற அம்மாவுக்கு அந்த வாரம் பூரா இளைப்பு, மைக்ல அப்படியே விழுது. இன்னொரு நாள் வெச்சுக்கலாம்னு நான் சொன்னேன். தொப்பி எழுந்து ஸ்டூலை ரெண்டு அடி நகர்த்திப் போட்டுக்கிட்டார். எதுக்குன்னு கேட்டேன். 'அவங்க தோள் தெரியணும்'னார். தோள் எழும்பினா மூச்சு வருதுன்னு அர்த்தம், அந்த இடத்துல தட்டைத் திறப்பார். எட்டுப் பாட்டு. பாடின அம்மாவுக்கே இன்னிவரைக்கும் தெரியாது. நல்ல க்ரூவ், நல்ல தாள நடைன்னு எல்லாரும் சொல்றாங்களே, அந்த மனுஷன் அடிச்சதைவிடப் பார்த்தது அதிகம்."

ஓட்டுநர் கூண்டின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இதை நீங்க அப்பவே சொல்லியிருக்கலாமே சார்?" என்றார் மூக்கர். தனக்குக் கோபம் வந்ததில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. பழியில் பாதியைச் சுமக்க ஒரு ஆள் கிடைத்துவிட்டாரே.

"சொன்னேனே. பேப்பர்ல வந்த அன்னிக்கே உங்க ஆபீசுக்குப் போன் பண்ணி, ஒண்ணு விடாம சொன்னேன். ஒருத்தர் எடுத்துப் பேசினார்."

எல்லோரும் மச்சினனைப் பார்த்தார்கள். அவன் ஸ்டூலில் இருந்து எழுந்திருக்கவில்லை. குடைக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தான் எடுத்தேன்," என்றான். "அப்பவே உங்ககிட்ட வந்து சொன்னேன் அத்தான். ரெண்டு தடவை."

மூக்கருக்கு நினைவு வந்தது. அரைகுறையாக வந்திருந்தால் தப்பித்திருக்கலாம், முழுசாக வந்தது. செய்தி வந்த அன்றே பேட்டி எடுக்க வந்த இன்னொரு பத்திரிகையின் புகைப்படக்காரர் விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்தார். இவன் கதவோரம் நின்று, "அத்தான், ஒலிப்பதிவாளர் லைன்ல இருக்கார், காது விஷயமா ஏதோ தப்புங்கறார்" என்றான். அவர் தலையை அசைக்காமல், படம் கெட்டுவிடுமே என்று, கையை மட்டும் ஆட்டி, "பேப்பர்ல வந்துட்டா போதும், ஆளாளுக்குப் போன் பண்ணுவான்" என்றார். நிருபர் சிரித்தார். இவரும் சிரித்தார். ஏழு வருஷமாக அந்தச் சிரிப்பைத்தான் சட்டம் போட்டு மாட்டி வைத்திருந்தார்.

"நானும் யோக்கியன் இல்ல," என்றார் ஒலிப்பதிவாளர் மெதுவாக. "போன் பண்ணியாச்சு, கடமை முடிஞ்சுதுன்னு உக்காந்துட்டேன். சங்கத்துக்கு ஒரு கடிதம் போட எனக்குக் கை வரல. கம்பெனியில வேலை இருந்துச்சே. வாங்க, இன்னிக்கு நானும் வர்றேன்."

ஓட்டுநர் கண்ணாடியிலிருந்து கையை எடுத்தாள். கடையை விட்டு வெளியே போய்க் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். மூக்கர் வெளியே வந்தபோது கதவைத் திறந்து பிடிக்கப் பார்த்தார். அவள் மறுபக்கம் சுற்றிப் போய் ஏறினாள்.

சங்கக் கட்டிடத்தின் மாடிக் கூட்ட அறையில் ஐம்பது அறுபது வாத்தியக்காரர்கள் இருந்தார்கள். கடைசி வரிசையில் ஜன்னலோரமாகத் தொப்பி உட்கார்ந்திருந்தார். கூட்டத்துக்கு அவரை அழைத்திருந்தார்கள். விரல்களில் பசை காய்ந்து வெள்ளையாக இருந்தது, அதை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்தார். மகள் கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

செயலாளர் மூக்கரைத் தனியே அழைத்துப் போனார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் வந்தது அதிர்ச்சி இல்லை, நிம்மதி. "நல்லதாப் போச்சு. நீங்க பேசக்கூட வேணாம் சார். 'தொழில்நுட்ப ரீதியாகப் புதிய விவரங்கள் தெரியவந்துள்ளதால்'னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திடுங்க. பேரை மாத்திடறோம். உங்க பேருக்கும் சேதாரமில்ல, சங்கத்துக்கும் தலைகுனிவில்ல."

எவ்வளவு மரியாதையான வரி! மூக்கர் பேனாவைத் தேடினார். அவர் சட்டைப் பையில் கை வைத்த நேரம் மச்சினன் காதருகே வந்தான்.

"அத்தான், கேள்வி வந்தா போன் விஷயத்தை என் மேல போட்டுடுங்க. நான் மறந்துட்டேன்னு சொல்லிடறேன். என்னை வாயாடி, பொறுப்பில்லாதவன்னுதான் எல்லாருக்கும் தெரியுமே, புதுசா ஒண்ணும் கெடாது."

அவன் விளையாடவில்லை. மூக்கர் அவனைப் பார்த்தார். பார்த்த அந்த ஒரு நொடியில், அது நல்ல யோசனைதான் என்று அவருக்குப் பட்டது. பட்டதுதான் அவரைக் கொன்றது. பதினொரு வருஷம் உப்புக்குப் பெறாதவன் என்று திட்டிக்கொண்டிருந்தவன் தன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான், இவர் அதில் ஏறிக்கொள்ளக் காலைத் தூக்கிவிட்டார்.  பேனாவைப் பையிலேயே விட்டுவிட்டு மேடை ஏறினார்.

நன்றாகப் பேசுகிற மனிதர் அவர். அன்று பேச்சு திக்கித் திணறித்தான் வந்தது. நாற்காலி, ஸ்டூல், வலது காது, இடது காது எல்லாவற்றையும் சொன்னார். ஒலிப்பதிவாளர் எழுந்து ஆமாம் என்றார். அதோடு இறங்கியிருக்கலாம். யாரும் மேலே கேட்கவில்லை.

"இன்னொண்ணு இருக்கு," என்றார் மூக்கர். "இது இன்னிக்குத் தெரியவந்த விஷயம் இல்ல. அறிக்கை வெளியான அன்னிக்கே இவர் போன் பண்ணிச் சொன்னார். என் உதவியாளர் என்கிட்ட ரெண்டு தடவை சொன்னார். நான் அப்ப போட்டோவுக்கு நின்னுட்டு இருந்தேன். கேக்கல. கேட்டிருந்தா இந்த மனுஷருக்கு ஏழு வருஷம் போயிருக்காது. பொய்யர்னு எழுதினது நான். அந்த வார்த்தை எனக்குத்தான் சேரும்."

அறையில் யாரோ செருமினார்கள். முன்வரிசையில் ஒரு வயலின்காரர் தலையைக் குனிந்துகொண்டார். தொப்பியின் பெயரைப் பட்டியலிலிருந்து அடிக்கக் கை தூக்கியவர்களில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். செயலாளர் அவசர அவசரமாகத் தீர்மானத்தைப் படித்தார். உறையில் பெயர் மாறும், பட்டியலில் பெயர் சேரும். கைகள் உயர்ந்தன. ஒருவரும் கைதட்டவில்லை, கைதட்டுகிற விஷயமாக யாருக்கும் தோன்றவில்லை.

கூட்டம் கலைந்தபோது தொப்பி மேடைப் பக்கம் வந்தார். மூக்கர் இரண்டு கையையும் கூப்பினார். திட்டுவார், அறைவார், இரண்டுக்கும் தயாராக இருந்தார். தொப்பி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்களை ஒண்ணு கேக்கணும் சார். நீங்க எழுதினதை நான் நிறைய தடவை படிச்சேன். அவ்வளவு உறுதியா எழுதியிருந்தீங்க. முதல் ரெண்டு வருஷம் எல்லார்கிட்டயும் சண்டை போட்டேன். அப்புறம் ஒரு நாள் ஏதோ கடையில அந்தப் பாட்டு ஓடிச்சு, நின்னு கேட்டேன். வாசிச்சது நான்தானான்னு எனக்கே தெரியல. ஆசையில நானே கற்பனை பண்ணிக்கிட்டேனோ, வேற ஏதாவது பாட்டை நினைச்சுட்டுப் பேசறேனோன்னு ஆயிடுச்சு. அதுக்கப்புறம் பெத்த பொண்ணுகிட்டகூட, ஆமாம் நான்தான்னு அடிச்சுச் சொல்ல முடியல." காய்ந்த பசையைச் சுரண்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. "அப்ப... நான்தானே?"

மூக்கர் கூப்பிய கையைக் கீழே இறக்கினார். வேலையைப் பறித்தது தெரியும், பெயரைப் பறித்தது தெரியும். இதையும் பறித்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

"நீங்கதான் ஐயா. எட்டும் நீங்கதான்."

தொப்பி தலையாட்டினார். "என்கிட்ட சொல்லி என்ன பண்ண? அவகிட்ட சொல்லுங்க."

இருவரும் கதவை நோக்கி நடந்தார்கள். மகள் அங்கேயே நின்றிருந்தாள். மூக்கர் அவள் முன்னால் நின்று, "உங்க அப்பா பொய் சொல்லலம்மா," என்றார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை, அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.  அப்பா என்று கூப்பிட வாயைத் திறந்தாள், அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"சாப்பிட்டியா?" என்றார் தொப்பி. "பஸ்ஸை யார்கிட்ட விட்டுட்டு வந்தே?"

"டிப்போவுல லீவு சொல்லிட்டு வந்தேன்ப்பா," என்றாள் அவள், நிலைப்படியிலேயே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தொப்பி மெல்லக் குனிந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மூக்கர் வெளியே போக வேண்டும். அந்த அறைக்கு இருந்தது அந்த ஒரு கதவுதான். கீழே மச்சினன் காரைக் கிளப்பிக்கொண்டு வந்து நிறுத்தும் சத்தம் கேட்டது. ஊரில் எந்த வீட்டுக்குள்ளும் கேட்காமல் நுழைந்து பழகியவருக்கு, கொஞ்சம் வழி விடுங்கள் என்று அந்த இருவரிடம் கேட்க நா எழவில்லை. சுவரோரம் ஒதுங்கி நின்றார்.